புத்திக்குப் புரிகிறது, மனசு கேட்க மாட்டேன் என்கிறது: எண்ணப் பதிவேடு எழுதுகிறவர்கள் வாருங்கள்

தறிச்சத்தம் | 22 மே, இரவு 11:10

எனக்கு 37 வயது. ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் பதினோரு வருடமாக வேலை. ஜவுளிக் கடை, சைசிங் மில், மஞ்சள் மண்டி என்று சுமார் 60 பார்ட்டிகளின் ஜிஎஸ்டி ரிட்டர்ன் என் கையில்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பார்ட்டியின் 3பி ரிட்டர்னை, அதாவது மாத வரிக் கணக்கை, எல்லாம் தயார் செய்து வைத்துவிட்டு, ஃபைல் பண்ணிவிட்டதாகவே நினைத்துக்கொண்டு விட்டுவிட்டேன். ஒன்பது நாள் கழித்துத்தான் கண்ணில் பட்டது. தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய் வீதம் 450, அதற்கு மேல் கொஞ்சம் வட்டி. நானே என் கையிலிருந்து கட்டினேன். முதலாளி எல்லோர் முன்னாலும் "இத்தனை வருஷம் இருந்து இதுதானா" என்றார். நடந்தது அவ்வளவுதான்.

அன்றிலிருந்து மாதம் பிறந்தால் பயம். 14-ஆம் தேதி 2பி, அதாவது போர்ட்டலில் வரும் கொள்முதல் வரிப் பட்டியல், வந்ததிலிருந்து கடைசி நாளான 20-ஆம் தேதி வரை சரியான தூக்கம் கிடையாது. ஒரே ரிட்டர்னை நாலு தடவை சரிபார்க்கிறேன். ஃபைல் ஆனதும் வரும் ஒப்புகை எண்ணை போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து பாத்ரூமில் நின்று மறுபடி பார்க்கிறேன். மகள் ஹோம்வொர்க் நோட்டை நீட்டினால் எரிந்து விழுகிறேன். அவள் இப்போது நோட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவதே இல்லை.

மனைவி சொல்லி ஒரு உளவியல் ஆலோசகரிடம் போகிறேன், மூன்று முறை ஆயிற்று. சிபிடி என்றார், எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை. எண்ணப் பதிவேடு எழுதச் சொன்னார். என்ன நடந்தது, என்ன நினைப்பு வந்தது, எத்தனை சதவீதம் நம்புகிறேன், அதற்கு ஆதாரம், எதிர் ஆதாரம், மாற்று எண்ணம் என்று கட்டம் கட்டமாக இருக்கிறது. விடாமல் எழுதுகிறேன். கணக்கு எழுதுகிறவனுக்குக் கட்டம் ஒன்றும் புதிதில்லை. ஆனால் எழுதி முடித்தபின்னும் நெஞ்சில் இருக்கிற கல் அப்படியே இருக்கிறது. புத்திக்குப் புரிகிறது, மனசு கேட்க மாட்டேன் என்கிறது. இது எல்லோருக்கும் இப்படித்தானா? நான் எங்கே தவறு செய்கிறேன்?

வைகைக்கரை | 23 மே, காலை 6:45

வணக்கம். மதுரையில் 14 வருடமாக மருத்துவ உளவியலாளராக இருக்கிறேன். இங்கே எழுதி யாருக்கும் சிகிச்சை செய்ய முடியாது, செய்யவும் கூடாது. உங்கள் ஆலோசகர் போட்டிருக்கும் பாதையைக் குலைக்கவும் விரும்பவில்லை. ஆனால் நீங்கள் கேட்டது என் அறையில் வாரம் தவறாமல் யாராவது கேட்கும் கேள்வி, அதனால் எழுதுகிறேன்.

இந்தப் பதிவேடு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் எதற்காக எழுதுகிறோம் என்பது பிடிபடும். அமெரிக்காவில் ஃபிலடெல்பியா நகரத்தில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் இருந்தார். ஃப்ராய்டு வழியில் பயிற்சி பெற்றவர். அவரிடம் வந்த ஒரு பெண் தன் அந்தரங்க வாழ்க்கையைப் பற்றி விடாமல் பேசுகிறார், ஆனால் பதற்றமாகவே இருக்கிறார். பேசும்போது உள்ளே வேறு என்ன ஓடுகிறது என்று பெக் துருவிக் கேட்டார். "நான் சொல்வது டாக்டருக்குச் சலிப்பாக இருக்கிறது" என்ற நினைப்பு பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. பேச்சுக்கு அடியில் இப்படி இன்னொரு பேச்சு தானாக ஓடுகிறது, அதை நாம் கவனிப்பதில்லை, ஆனால் உடம்பு அதற்குத்தான் பதில் சொல்கிறது என்று அவருக்குப் பட்டது. பதிவேடு அந்த அடிப்பேச்சைப் பிடித்துக் காகிதத்தில் வைப்பதற்காக வந்தது. மனச்சோர்வுக்கான அவருடைய சிகிச்சை முறை 1979-இல் நூலாக வந்தது. பெக் 2021-இல், நூறு வயதில் காலமானார்.

இன்னொருவர் நியூயார்க்கின் ஆல்பர்ட் எல்லிஸ். பெக்குக்குச் சில வருடம் முன்பே, 1950-களின் நடுவில் தொடங்கிவிட்டார். நடந்தது ஒன்று, அதைப் பற்றி நாம் நம்புவது ஒன்று, அதிலிருந்து விளைவது ஒன்று என்று மூன்றாகப் பிரித்தவர். அவர் பலமுறை சொன்ன சொந்தக் கதை ஒன்று உண்டு. 19 வயதில் பெண்களிடம் பேசவே அவருக்கு நடுக்கம். ஒரு மாதம் நாள் தவறாமல் பிராங்க்ஸ் தாவரவியல் பூங்காவுக்குப் போய், பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கும் பெண் யாராக இருந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நிமிடத்துக்குள் பேச வேண்டும் என்று தனக்குத்தானே விதி போட்டுக்கொண்டார். சுமார் 130 பேர். 30 பேர் எழுந்து போய்விட்டார்கள். மீதி 100 பேரிடம் பேசினார். ஒரே ஒருவர் மறுபடி சந்திக்கச் சம்மதித்தார், அவரும் வரவில்லை. ஆனால் யாரும் கத்தவில்லை, போலீஸைக் கூப்பிடவில்லை. பயம் போய்விட்டது.

அவர் பெஞ்சில் போய் உட்கார்ந்த பிறகுதான் பயம் போனது என்பதைக் கவனியுங்கள். வீட்டில் இருந்துகொண்டு தனக்குத்தானே வாதாடியிருந்தால் போயிருக்காது.

உங்களுக்குச் சம்மதமென்றால் பதிவேட்டில் ஒரு வரியை அப்படியே இங்கே போடுங்கள்.

தறிச்சத்தம் | 23 மே, இரவு 9:30

நன்றி மேடம். போடுகிறேன்.

நடந்தது: 18-ஆம் தேதி இரவு 9:40. சைசிங் மில் கணக்கில் கொள்முதல் பதிவுக்கும் 2பி-க்கும் 1,180 ரூபாய் இடிக்கிறது.

எண்ணம்: தப்பு நடந்துவிட்டால் என் மரியாதை போய்விடும். நம்பிக்கை 95.

உணர்வு: பயம் 90. நெஞ்சு இறுக்கம், கை சில்லிடுகிறது.

ஆதாரம்: போன முறை தப்பு நடந்தது, எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கினேன்.

எதிர் ஆதாரம்: பதினோரு வருடத்தில் பெரிய தப்பு அது ஒன்றுதான்.

மாற்று எண்ணம்: பயப்பட ஒன்றுமில்லை, எல்லாம் நல்லபடியாக நடக்கும். நம்பிக்கை 20.

பிறகு பயம்: 85.

வைகைக்கரை | 24 மே, காலை 7:05

நேர்மையாக எழுதியிருக்கிறீர்கள். அந்த 20-ஐப் பாருங்கள். உங்கள் மாற்று எண்ணத்தை நீங்களே நம்பவில்லை. "எல்லாம் நல்லபடியாக நடக்கும்" என்பது வாசலில் வழியனுப்புகிறவர்கள் சொல்கிற வார்த்தை. மனசு அதைக் கேட்காதது மனசின் குற்றமில்லை. நீங்கள் பயந்துகொண்டிருப்பது வேறொன்றுக்கு, சமாதானம் சொல்வது வேறொன்றுக்கு.

முதல் எண்ணம் பெரும்பாலும் மேல்தோல்தான். கீழே இறங்கிப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. "சரி, அது உண்மை என்றே வைத்துக்கொள்வோம், அப்படியானால் என்ன?" என்று கேட்டுக்கொண்டே போவது. தப்பு நடந்தால் என்ன? மரியாதை போகும். மரியாதை போனால் என்ன? இப்படியே இறங்கினால் ஒரு இடத்தில் தொண்டை அடைக்கும். வேர் அங்கேதான் இருக்கும். இதை உங்கள் ஆலோசகர் எதிரில் உட்கார்ந்து செய்வது நல்லது. நடு இரவில் தனியாகச் செய்ய வேண்டாம்.

இன்னொன்று, இது என் சொந்தக் கவனிப்பு. எல்லிஸ் ஆங்கிலத்தில் 'மஸ்ட்' என்ற சொல்லைத் துரத்திக்கொண்டே இருந்தார். ஆசை கட்டளையாக மாறுகிற இடத்தில்தான் மனுஷன் உடைகிறான் என்பது அவர் கட்சி. தமிழில் இது இன்னும் சிக்கல். 'எனக்கு ஒரு காபி வேணும்' என்கிறோம், 'செடிக்குத் தண்ணி வேணும்' என்கிறோம், 'இருபதாம் தேதிக்குள்ள கட்டணும்' என்கிறோம். ஆசைக்கும் தேவைக்கும் கட்டாயத்துக்கும் ஒரே ணும். அதனால் 'நல்லா வேலை செய்யணும்' என்ற ஆசை எந்த நாளில் சட்டமாக மாறியது என்பது நமக்கே தெரியாமல் போகிறது.

அதனால் நான் என் அறையில் 'ணும்' பின்னால் போவதில்லை. ஏகாரத்தைத் தேடுகிறேன். 'தப்பு வரக்கூடாது' என்று ஒருவர் சொன்னால் சும்மா இருப்பேன். 'தப்பு வரவே கூடாது', 'செஞ்சே ஆகணும்', 'என்னால தாங்கவே முடியாது' என்றால் பேனாவை எடுத்துவிடுவேன். இலக்கணத்தில் தேற்றேகாரம் என்று படித்திருப்பீர்கள், உறுதியைக் காட்ட வருவது. அந்த ஒரு எழுத்தை எடுத்துவிட்டு அதே வாக்கியத்தை மறுபடி சொல்லச் சொல்வேன். 'தப்பு வராம இருந்தா நல்லா இருக்கும், அதுக்காக உழைக்கிறேன், வந்தா சரிபண்ணுவேன்.' வாய்விட்டுச் சொல்லும்போது தோள் லேசாக இறங்குவதைப் பார்க்கிறேன். சிலருக்குக் கோபம் வரும், 'அப்படின்னா அலட்சியமா இருக்கச் சொல்றீங்களா' என்பார்கள். அந்தக் கோபம் வந்தால் சரியான இடத்தைத் தொட்டுவிட்டோம் என்று வைத்துக்கொள்வேன்.

செம்மண்சாலை | 24 மே, பகல் 1:20

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், மேடம். எனக்கு இந்த மொத்த முறையின் மேலேயே வருத்தம் உண்டு. என் அத்தை மகளை அவள் புருஷன் குடித்துவிட்டு அடிக்கிறான். ஒரு கவுன்சலிங்குக்குப் போனாள். "நீங்க பார்க்கிற பார்வையை மாத்திக்கோங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வலி அவள் முதுகில் இருக்கிறது, பார்வையில் இல்லை. கடன், சாதி, வேலையில்லாமை, குடிகாரப் புருஷன், இதையெல்லாம் அப்படியே வைத்துவிட்டு எண்ணத்தை மாற்று என்றால், பாரத்தைத் தூக்குகிறவன் தலையிலேயே இன்னொரு பாரம் வைப்பது மாதிரி இல்லையா?

வைகைக்கரை | 24 மே, இரவு 8:50

மன்னிப்பெல்லாம் வேண்டாம், கேட்கவேண்டிய கேள்வி. உங்கள் அத்தை மகளிடம் அப்படிச் சொன்னது தவறு. அதைச் சிகிச்சை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடி வாங்கும் பெண்ணுக்கு முதல் வேலை பாதுகாப்பு. 181 பெண்கள் உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள். தயவுசெய்து அவரிடம் கொடுங்கள்.

ஒரு எண்ணத்தைக் கேள்வி கேட்பது என்றால் அது பொய் என்று முன்கூட்டியே முடிவு கட்டுவது கிடையாது. உண்மையா என்று பார்ப்பதுதான் முதல் படி. "என் புருஷன் அடிப்பான்" என்பது உண்மை. அதற்கு எதிர் ஆதாரம் தேடச் சொல்கிறவர் இந்த முறையைப் புரிந்துகொள்ளவில்லை. ஆனால் அதே பெண் மனதில் "இது என் தலையெழுத்து, எனக்கு இது தகும், என்னால் தனியாக ஒரு நாள்கூட இருக்க முடியாது" என்றும் இருக்கும். அந்தப் பெண்ணை அந்த வீட்டிலேயே கட்டிப்போடுவது இந்த மூன்றும்தான். இவற்றைத் தொட்டே ஆகவேண்டும் என்று நினைக்கிறேன், ஆனால் அவர் பாதுகாப்பான இடத்துக்கு வந்த பிறகு.

வறுமையைப் பற்றியும் சொன்னீர்கள். பாகிஸ்தானில் ராவல்பிண்டி பக்கத்துக் கிராமங்களில் அதிஃப் ரஹ்மான் என்ற மனநல மருத்துவரின் குழு செய்த வேலையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். கர்ப்பமாக இருந்தபோதே மனச்சோர்வில் இருந்த 903 பெண்கள். மனநலப் படிப்பு எதுவும் இல்லாத கிராம சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீடு வீடாக அனுப்பினார்கள். மாமியார் முறைக்காமல் இருக்க, "குழந்தை நல்லா வளர்றதுக்காக வந்திருக்கோம்" என்று பேச்சை ஆரம்பிப்பார்கள். உதவாத எண்ணத்தையும் அதற்கு மாற்றையும் படமாக வரைந்து காட்டுவார்கள். குழந்தை பிறந்து ஆறு மாதத்தில் பார்த்தபோது, இந்தச் சிகிச்சை கிடைத்தவர்களில் 23 சதவீதம் பேருக்குத்தான் மனச்சோர்வு இருந்தது. இந்தப் பயிற்சி இல்லாத பணியாளர்கள் வெறுமனே வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போன பெண்களில் 53 சதவீதம். 2008-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அந்த வீடுகளில் பணம் ஒன்றும் கொட்டிவிடவில்லை. வறுமையை விட்டுவிடலாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. வறுமை தீரும்வரை அந்தத் தாய் காத்திருக்க வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

வல்லைவெளி | 25 மே, அதிகாலை 3:15

தறிச்சத்தம் தம்பி, புத்திக்கும் மனசுக்கும் உள்ள தூரத்தைப் பற்றி நானும் சொல்ல இருக்கிறது. யாழ்ப்பாணம்தான் ஊர், இப்ப இங்கிலாந்தில் 16 வருடம். தாதியாக வேலை.

நாலு வருடத்துக்கு முன் சூப்பர்மார்க்கெட்டில் காசு கட்ட வரிசையில் நிற்கேக்க நெஞ்சு படபடத்து, தலை சுற்றி, கை விறைத்தது. மயங்கி விழப்போகிறேன் என்று சாமான்களை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடினேன். அதற்குப் பிறகு வரிசை என்றாலே சரியான பயம். ட்ரொலியை இறுக்கிப் பிடிப்பேன், தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் வெளிக்கிட மாட்டேன், மகனைக் கூட்டிக்கொண்டுதான் போவேன். டொக்டர் முதலில் ஈசிஜி, தைரொய்ட் எல்லாம் பார்த்தார். ஒன்றுமில்லை. பிறகு இங்கே பேச்சுச் சிகிச்சைக்கு நாங்களாகவே பெயர் கொடுக்கலாம், கொடுத்தேன்.

இதில் என்ன விசயம் என்றால், மயங்கி விழுவதற்கு இரத்த அழுத்தம் குறைய வேண்டும். பயத்தில் அது கூடும். அதனால் பீதி வந்தவர் மயங்குவது அரிது. இரத்தத்தைக் கண்டால் பயப்படுகிறவர்களுக்கு மட்டும் கதை வேறு. இதை நான் நோயாளிகளுக்கே சொல்லியிருக்கிறேன்! அப்படியிருந்தும் "நான் விழுவேன்" என்பதை 80 சதவீதம் நம்பினேன்.

சிகிச்சை தந்த பிள்ளை என்னோடு வாதாடவே இல்லை. "விழுவீர்களா என்று இங்கேயே பார்ப்போமா?" என்று கேட்டாள். இரண்டு பேரும் எழும்பி நின்று வேகமாக மூச்சு விட்டோம். ஒரு நிமிடம் போகமுதலே அதே தலைசுற்று, அதே விறைப்பு, அதே படபடப்பு. கை தன்னாலே கதிரையைத் தேடியது. "பிடிக்காமல் நில்லுங்கோ அக்கா" என்று அவளுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாள், அப்படி ஒரு பார்வை பார்த்தாள். பிடிக்காமல் நின்றேன். விழவில்லை. மூச்சை மட்டும் மாற்றி அந்த முழுப் பயங்கரத்தையும் நானே என் கையால் செய்ய முடிகிறது என்றால், அது மாரடைப்பும் இல்லை, மயக்கமும் இல்லை. அந்த அறையில்தான் என்ர உடம்பு அதைப் படித்தது.

அடுத்த கிழமை சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனோம். போத்தல் இல்லை, மகன் இல்லை. வரிசையில் படபடப்பு வந்த உடன் ட்ரொலியை விட்டுவிட்டு ஒற்றைக் காலில் நின்றேன். பின்னால் நின்ற மனுசி ஒரு மாதிரிப் பார்த்தா. 80 என்பது அன்று 25 ஆனது.

உடல் அறிகுறியைப் பேராபத்து என்று தப்பாக வாசிப்பதுதான் பீதியை வளர்க்கிறது என்று டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் 1986-இல் எழுதினார். எனக்கு நடந்தது அதன் வழியில் வந்த சிகிச்சைதான். தம்பி, உங்கட ட்ரொலி எது என்று யோசித்துப் பாருங்கோ. நாலு தரம் சரிபார்க்கிறதுதான் என்று எனக்குப் படுகிறது. அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால், விடாததால்தான் விழவில்லை என்றே மனம் நினைத்துக்கொண்டிருக்கும்.

மல்லிப்பந்தல் | 25 மே, இரவு 10:40

வல்லைவெளி அக்கா, இரண்டு தடவை படித்தேன்.

என் கதை வேறு மாதிரி. அம்மா மாரடைப்பில் போய் மூன்று வருடம். கடைசி வாரத்தில் "ஏதோ அசதியா இருக்கு" என்றார். ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போகலாம் என்று நான் சொன்னேன். சனிக்கிழமை போய்விட்டார். "நான்தான் அம்மாவைக் கொன்றேன்." எத்தனை சதவீதம் நம்புகிறீர்கள் என்று கேட்டபோது நூறு என்று சொன்னேன், யோசிக்கவே இல்லை.

ஆலோசகர் ஒரு வெள்ளைத்தாளில் டம்ளரைக் கவிழ்த்து வட்டம் போட்டார். அம்மா இறந்ததில் பங்கு உள்ள எல்லாவற்றையும் எழுதச் சொன்னார், என்னைக் கடைசியில் எழுதச் சொன்னார். 20 வருடச் சர்க்கரை. சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சுவலி மரத்துப்போய் அசதியாக மட்டும் தெரியலாம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அம்மா மாத்திரையைப் பாதி நாள் போடாமல் விட்டது. புதன்கிழமை காட்டிய டாக்டர் வாயுத்தொல்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பியது. பாட்டிக்கும் இதே நோய் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் வட்டத்தில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டே வந்தோம். கடைசியில் எனக்கு என்று மீந்தது ஒரு சின்னக் கீற்று. பத்து சதவீதம் என்று போட்டேன். அன்று அழுத மாதிரி சாவு வீட்டில்கூட நான் அழவில்லை.

அந்தப் பத்தை அவர் அழிக்கச் சொல்லவில்லை. அதை நான் இன்னும் வைத்திருக்கிறேன். ஆனால் தூக்க முடிகிறது.

ஓடைமீன் | 26 மே, காலை 11:00

எல்லோரும் நல்லபடியாகச் சொல்கிறீர்கள். எனக்கு நேர்மாறாக நடந்தது, அதையும் பதிவு செய்கிறேன். எனக்கு ஓசிடி, வேண்டாத நினைப்பு விடாமல் வந்து ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் நோய். கை சுத்தமில்லை, என்னால் குழந்தைக்கு நோய் வந்துவிடும் என்ற நினைப்பு. முதலில் போன இடத்தில் அதற்கு ஆதாரம், எதிர் ஆதாரம் எழுதச் சொன்னார்கள். எழுத எழுத, அதுவே இன்னொரு கைகழுவல் ஆகிவிட்டது. ஒரு நாளில் 30 தடவை அந்த நோட்டை எடுத்து "ஒன்றும் ஆகாது" என்று எனக்கு நானே நிரூபித்துக்கொண்டிருந்தேன். பிறகு வேறொரு மருத்துவர், பயத்தை வரவிட்டு, கழுவாமல் இருக்கப் பழக்கினார். அதில்தான் குறைந்தது. இப்போது அந்த நினைப்பு வந்தால் வாதாடுவதில்லை. "குழந்தைக்கு ஏதோ ஆகிவிடும் என்ற நினைப்பு வந்திருக்கிறது" என்று அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டு, செய்துகொண்டிருக்கிற வேலையைத் தொடர்கிறேன். தறிச்சத்தம், நாலு தடவை சரிபார்ப்பது என்றதும் எனக்குப் பக்கென்றது.

வைகைக்கரை | 26 மே, இரவு 9:15

ஓடைமீன், இதை எழுதியதற்கு மிக்க நன்றி. சந்தேகமே நோயாக இருக்கும்போது வாதம் அதற்குத் தீனி. எண்ணத்தோடு மல்லுக்கட்டாமல் அதை எண்ணமாகவே பார்க்கும் வழியை ஸ்டீவன் ஹேய்ஸ் போன்றவர்கள் தனிச் சிகிச்சையாகவே வளர்த்திருக்கிறார்கள். 1996-இல் நீல் ஜேக்கப்சன் குழு மனச்சோர்வுக்கான சிகிச்சையைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சோதித்தபோது, நடத்தையை மாற்றும் பகுதி மட்டும் தனியாகவே முழுச் சிகிச்சைக்கு ஈடாக நின்றது. எங்கள் துறையில் அது பெரிய விவாதம், இன்னும் ஓயவில்லை. என் அனுபவத்தில் வாதமும் செயலும் இரண்டு மாடு, ஒரே நுகத்தடி. ஒன்றை மட்டும் அடித்தால் வண்டி சுற்றும்.

தறிச்சத்தம், வீட்டுப் பூட்டு, கேஸ், கை கழுவுவது, இவற்றிலும் இப்படித் திரும்பத் திரும்பப் பார்க்கிறீர்களா? ஆம் என்றால் அடுத்த முறை முதல் வேலையாக உங்கள் ஆலோசகரிடம் சொல்லுங்கள்.

தறிச்சத்தம் | 26 மே, இரவு 10:02

இல்லை மேடம். பூட்டெல்லாம் ஒரு தடவைதான். ரிட்டர்ன் மட்டும்தான். ஆனாலும் சொல்கிறேன்.

கொடிவேரி | 27 மே, காலை 9:30

இதற்கெல்லாம் எவ்வளவு செலவாகும்? நான் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன், இங்கே யாரும் இல்லை.

வைகைக்கரை | 27 மே, பகல் 2:10

14416-க்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசு சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது. இலவசம், இரவு பகல் எந்நேரமும், தமிழில் பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும். தனியாரிடம் போவதானால் மருத்துவ உளவியலாளர் என்று போர்டு வைத்திருப்பவர் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. செத்துவிடலாம் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள், அப்போதே கூப்பிடுங்கள்.

தறிச்சத்தம் | 21 ஜூன், இரவு 9:20

எல்லோருக்கும் வணக்கம். நேற்று 20 முடிந்தது. சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன்.

ஆலோசகரிடம் இந்த இழையைக் காட்டினேன். அவர் கேள்வி கேட்டுக் கேட்டு இறங்கினார். தப்பு நடந்தால் மரியாதை போகும். போனால்? வேலை போகும். போனால்? வேறு வேலை தேடுவேன். அப்படியானால் எது தாங்காது? அங்கே எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. என் அப்பா தறி ஓட்டினார். துணியில் ஒரு இழை விட்டுப்போனால் கூலியில் பிடிப்பார்கள். வாரக்கடைசியில் அவர் முதலாளி எதிரில் தலை குனிந்து நிற்பதை ஏழு வயதில் நான் பார்த்திருக்கிறேன். "தப்பு செய்கிறவன் தலை குனிஞ்சேதான் நிற்கணும்." நான் சொன்ன வாக்கியம் அதுதான். மேடம் சொன்ன ஏகாரம் அதிலும் இருந்தது. ஆலோசகரும் நானும் ஒரே நேரத்தில் கவனித்தோம்.

பிறகு ஒரு சோதனை வைத்தோம். வரவு செலவு சின்னதாக உள்ள ஐந்து பார்ட்டிகளை மட்டும் ஒரே ஒரு தடவை சரிபார்த்து ஃபைல் செய்வது, போட்டோ எடுக்காமல். என்ன நடக்கும் என்று முன்கூட்டியே எழுதி வைத்தேன்: "ஐந்தில் இரண்டிலாவது தப்பு வரும். முதலாளி எல்லோர் முன்னாலும் கேட்பார். என்னால் அங்கே நிற்க முடியாது." நம்பிக்கை 85.

18-ஆம் தேதி ஐந்தையும் ஃபைல் செய்துவிட்டு எழுந்தபோது கை நடுங்கியது. வல்லைவெளி அக்கா ஒற்றைக் காலில் நின்றதை நினைத்துக்கொண்டேன்.

நடந்தது இது. ஐந்தில் ஒன்றில் தப்பு வந்தது. ஒரு கொள்முதல் பில்லின் வரிக் கழிவை எடுக்காமல் விட்டிருந்தேன், 2,340 ரூபாய். நானே போய் முதலாளியிடம் சொன்னேன், தலையை நிமிர்த்திக்கொண்டு. "அடுத்த மாசம் எடுத்துக்கலாம், குறிச்சு வை" என்று சொல்லிவிட்டு போனைப் பார்க்கத் திரும்பிவிட்டார். நான்தான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன், இன்னும் ஏதோ வரும் என்று.

இன்னொன்றும் தெரிந்தது. வழக்கம் போல நாலு தடவை சரிபார்த்த மற்றவற்றிலும் ஒன்றில் இதே மாதிரி ஒரு பில் விட்டுப்போயிருந்தது. நாலு தடவையும் என் கண் அதே வரியைத் தாண்டியிருக்கிறது.

பதிவேட்டில் நேற்று எழுதியது: "தப்பு வரும். வந்தால் சொல்வேன், சரி செய்வேன். சொல்லும்போது கஷ்டமாக இருக்கும்." நம்பிக்கை 70. பயம் 45. சிலசமயம் 60-க்கும் போகிறது.

அடுத்த மாதம் பதினைந்து பார்ட்டிகள் என்று பேசியிருக்கிறோம். இன்று சாயங்காலம் மகள் நோட்டை எடுத்துக்கொண்டு வாசற்படி வரை வந்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் உட்காரச் சொன்னேன். கழித்தல் கணக்கு, கடன் வாங்க மறந்திருந்தாள். அழி ரப்பரை எடுத்துக் கொடுத்தேன்.